சவத்துக்குப் பின்னால் நின்றவனின் முறை

சட்டையில் இன்னும் சீனவெடிப் புகை மணக்கிறது. குளித்துவிட்டு வந்தும் மூக்கை விட்டுப் போகவில்லை. இன்று முற்பகல் நீர்வேலியில் ஒரு செத்தவீட்டு ஊர்வலத்துக்குப் பின்னால் பஸ்ஸை நிறுத்தவேண்டி வந்தது. யார் செத்தது என்று எனக்குத் தெரியாது. வெள்ளைக்கொடி கட்டிய வீதியில் பொரி சிதறிக் கிடந்தது. முன்னால் வெடி கொளுத்திக்கொண்டு போனார்கள். புகை முழுவதும் யன்னலால் உள்ளே வந்து, ஆட்கள் சேலைத் தலைப்பாலும் லேஞ்சியாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு உம்மை நினைத்தேன். அன்பாக நினைத்தேன் என்று எண்ணிக்கொள்ளாதீர்.

உமக்கு எழுதுவதில் எனக்கு இப்போது ஒரு வசதி உண்டு. நடுவில் கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறும், மற்றவரும் கதைக்கட்டும்" என்று சொல்ல உம்மால் முடியாது. உயிரோடு இருந்த காலத்தில் அதைத்தானே ஊருக்கெல்லாம் சொன்னீர். இந்த ஒரு தடவை நான் சொல்லி முடிக்கும்வரை நீர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நெல்லியடியில் நாங்கள் ஒரே வகுப்பு. அப்போது எங்களுக்குள் நீ, நான், டேய், மச்சான்தான். நீர் நில அளவை படித்து, ஊர் ஊராக வேலிச் சண்டைகளுக்கு நடுவே எல்லைக்கல் நாட்டப் போனீர். நான் பட்டம் எடுத்துவிட்டு அரசாங்க வேலைக்கு நியமனம் வரும் என்று கந்தோர் வாசல்களில் நின்றேன். என்னைவிடக் குறைவாகப் படித்தவர்களுக்கு வந்தது. அவர்களுடைய பெயர்கள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். கடைசியில் கனடாவில் இருந்த அண்ணை ஒரு பழைய மினிபஸ் வாங்கித் தந்தார். நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அது முதல் ஓட்டம் ஓடியபோது முன் இருக்கையில் என்னோடு இருந்து வந்தவர் நீர். வல்லை வெளியில் காற்று முகத்தில் அறைந்தபோது என் பக்கம் திரும்பி, "மச்சான், கந்தோர்க் கதிரை கிடைச்சிருந்தா உனக்கு இந்தக் காத்துக் கிடைச்சிருக்குமே?" என்று கேட்டீர். அந்த ஒரு கேள்விக்காக உம்மைப் பலமுறை மன்னித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அல்ல.

எங்கள் வீதியில் ஒரு வழக்கம் இருந்தது என்று உமக்குத் தெரியும். சவம் போனால் எந்தப் பஸ்ஸும் முந்தாது, ஹோர்ன் அடிக்காது. ஊர்வலம் சுடலைப் பக்கம் திரும்பும்வரை பின்னால் ஊர்ந்துதான் போவோம். யாரும் சொல்லித் தந்ததல்ல, எங்கும் எழுதி வைத்ததும் அல்ல. ஆனால் யாழ்ப்பாணத்து பஸ் நிலையத்தில் நேரம் பார்க்கிறவருக்குச் செத்தவீடு தெரியாது. பிந்தி வந்தவன் ஆள் ஏற்றித் திரும்புகிற முறை அடுத்தவனுக்குப் போய்விடும். மரியாதை கொடுத்தவன் முறையைத் தொலைத்துவிட்டுக் கடைசியில் நிற்பான். நான் பலமுறை நின்றிருக்கிறேன். அதற்காக வாய் திறந்ததில்லை, ஏனென்றால் எனக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

குகன் நிற்கவில்லை. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

குகன் எனக்கு அடுத்த முறைக்காரன். சொந்த பஸ், தானே சாரதி. என்னுடைய பஸ்ஸை அப்போது நடேசண்ணை ஓட்டினார், நான் ரிக்கற் வெட்டினேன். சுவாமிப் படத்துக்குப் பூ வைக்காமல் திறப்பைத் தொடாத மனிதர். அன்றைக்கும் நீர்வேலியில்தான் ஒரு ஊர்வலம் எங்களுக்கு முன்னால் வந்து ஏறியது. நடேசண்ணை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டைவண்டி வேகத்தில் பின்னால் போனார். குகனுடைய பஸ் கொஞ்ச நேரம் எங்கள் பின்னால் நின்றது. பிறகு கண்ணாடியில் பார்த்தால் ஆளைக் காணவில்லை. உரும்பிராய்ப் பக்கம் போகிற ஒடுங்கின ஒழுங்கையால் திருப்பி, சுற்றிவந்து கோப்பாய்ச் சந்தியில் ஏறியிருக்கிறான். சந்தியில் எங்களுக்காக நின்ற சனம் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். நாங்கள் சந்திக்கு வந்தபோது நிழற்குடைக்குக் கீழே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

பஸ் நிலையத்தில் அவன் எங்களுடைய முறையில் நின்று திரும்பிப் போக ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் இறங்கிப்போய்க் கேட்டேன். அவன் பீடாவை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிவிட்டுச் சொன்னான்.

"செத்தவர் ஆறுதலாய்ப் போகட்டும் அண்ணை. இருக்கிற சனம் போகவேண்டாமே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. படித்தவன் வாயிலிருந்து அது வந்ததுதான் அவனுக்குக் கூடக் கொதியைக் கிளப்பியது. இரும்புக் கம்பியை எடுத்து எங்கள் பஸ்ஸின் முன்கண்ணாடியில் அடித்தான். நடேசண்ணை இன்னும் உள்ளே இருந்தார். முகத்துக்கு முன்னால் கையைப் பிடித்திருக்கிறார். உள்ளங்கையில் கண்ணாடி ஏறி நரம்பை அறுத்துவிட்டது. காயம் ஆறியும் அந்தக் கைக்குப் பிடி வரவில்லை. ஸ்டியரிங்கை அவரால் பிறகு பிடிக்கவே முடியவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். கண்ணாடி உடைந்த அதே இடத்தில், சிரித்த அதே ஆட்களுக்கு முன்னால், குகன் நடேசண்ணையிடம் "நான் செய்தது பிழை" என்று சொல்லவேண்டும். பொலிசுக்குப் போனேன். அவர்கள் குகனையும் கூப்பிட்டு, எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரே வீதியில் ஓடுகிறவர்கள் நீதிமன்றம் போய் என்ன காணப்போகிறீர்கள் என்று சொல்லி, வழக்கில்லாமல் பேசித் தீர்க்கிற இணக்கசபைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இணக்கசபை சனிக்கிழமையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடியது. இரண்டு தரப்பும் சபையிலிருந்து ஆளுக்கொருவரைத் தெரிவுசெய்ய வேண்டும், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள் என்று சொன்னார்கள். அளவை வேலையிலிருந்து ஓய்வு எடுத்தபின் நீர் அந்தச் சபையில் இருந்தீர். நான் யோசிக்கவே இல்லை. உம்முடைய பெயரைச் சொன்னேன். எங்கடை ஆள், என்னுடைய முதல் ஓட்டத்தில் முன் இருக்கையில் வந்தவர், நடேசண்ணையின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஒருவனை உன்னுடைய ஆளாகத் தெரிவுசெய் என்றால் யார்தான் வேறு விதமாக விளங்கிக்கொள்வார்கள்? நான் தெரிவுசெய்தவர் எனக்காகக் கதைக்கமாட்டார் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீரும் சொல்லவில்லை. கதிரையில் வந்து இருந்து, என்னைப் பார்த்து, "வாரும், இரும்" என்றீர்.

நீர். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு அந்தச் சொல்லைப் பாவித்தீர். குகனுக்கு என்ன சொல்லோ எனக்கும் அதே சொல் வேண்டும் என்று நினைத்திருப்பீர். விளங்கியது. ஆனால் அதற்குப் பிறகு, நீர் சாகும்வரை, என் வாயிலிருந்து உமக்கு வேறு சொல் வரவில்லை. இந்தக் கடிதத்திலும் வராது.

சின்னப் பிள்ளைகளுடைய வாங்குகளில் முழங்கால் முட்ட இருந்தோம். குகன் தெரிவுசெய்த இளைப்பாறிய தபாலதிபர் அம்மாவும் மூன்றாமவரும் அதிகம் கதைக்கவில்லை. நீர்தான் கதைத்தீர். நான் நடந்ததைச் சொன்னேன். வடிவாக, ஒழுங்காக, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, "இப்ப சொல்லும், ஆர் சரி?" என்று கேட்டேன்.

"ஆர் சரி எண்டு சொல்ல இஞ்சை ஒருத்தரும் இல்லை காணும். நாளைக்கும் உந்த றோட்டிலை ரெண்டு பேரும் ஓடவேணும். எப்பிடி ஓடுறது எண்டு கேளும்."

பிறகு குகன் தன் பக்கத்தைச் சொன்னான். சிறுப்பிட்டியில் ஏறிய ஒரு வயதானவர், இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பஸ்ஸுக்குள் மயங்கிச் சரிந்துவிட்டாராம். மகள் கத்தத் தொடங்கிவிட்டாளாம். அதனால்தான் ஒழுங்கையால் திருப்பினானாம். அன்று நான் அதைப் பொய் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தேன், உண்மைதான். அதனால் என்ன? என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. வருத்தக்காரரைக் கொண்டு ஓடுகிறவன் கோப்பாய்ச் சந்தியில் ஏன் நிறுத்தினான்? மயங்கிக் கிடந்தவருக்கு மேலாக ஏன் சனத்தை ஏற்றினான்? நான் வாயைத் திறந்தேன். நீர் கையை உயர்த்தினீர்.

"உதுக்குப் பிறகு வருவம். முதல் ஒரு வேலை. அவர் உம்மடை பக்கத்தைச் சொல்லட்டும், நீர் அவரின்ரை பக்கத்தைச் சொல்லும். பிழை சரி வேண்டாம். சும்மா, அவருக்கு நடந்ததை."

குகன் தலையைச் சொறிந்துகொண்டு இருந்தான். பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "அவையள் சவத்துக்குப் பின்னாலை நிண்டவை. நிண்டதுக்கு அவையளுக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. நிக்காத எனக்கு எல்லாம் கிடைச்சது." தபாலதிபர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நீர் என்னைப் பார்த்தீர். என்னுடைய முறை. நான் சொல்லவில்லை. பெயர் எழுதி வெட்டிய வாங்குப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் அவசரப்படவில்லை. வெளியே யாரோ குழாய்க் கிணற்றில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. "உம்மால ஏலும்" என்று மெல்லச் சொன்னீர். நான் என்ன, வகுப்பில் எழும்பி நின்று பாடம் ஒப்பிக்கவா அங்கே வந்தேன்? பிடி போன கை என்னுடைய பக்கத்தில் இருந்தது. அவனுடைய பக்கத்தை நான் ஏன் சொல்லவேண்டும்? கடைசிவரை சொல்லவில்லை. நீரும் "பிறகு வருவம்" என்று தள்ளிவைத்த என் கேள்விக்குத் திரும்பி வரவில்லை.

வேறு காரியம் முடித்தீர். சவத்துக்குப் பின்னால் நின்ற பஸ்ஸின் முறை போகாது. எவ்வளவு பிந்தி வந்தாலும் பின்னால் வந்தவர்கள் அதற்கு இடம் விடவேண்டும். உடைந்த கண்ணாடியைக் குகன் போட்டுத் தரவேண்டும். அவன் ஓம் என்றான். என்னுடைய பஸ் கண்ணாடி இல்லாமல் கிடுகால் மூடிக் கிடந்தது, ஓடியாக வேண்டும். நானும் கையெழுத்து வைத்தேன். வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் நின்று, "நல்ல காரியம் நடந்திருக்கு" என்றீர். நான் உம்மைத் தாண்டி வீதிக்குப் போனேன்.

நடேசண்ணை என்ன ஆனார்? அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீர் குகனைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர். நடேசண்ணை தானே என்னிடம் சொன்னார்: "அவன் வந்தவன் தம்பி. இந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தவன். எனக்குக் கோவம் போயிட்டுது." எனக்குப் போகவில்லை. சந்தையில் சட்டையைக் கிழித்தவன் அடுப்படியில் வந்து மன்னிப்புக் கேட்டால் சரியா? அவமானம் பஸ் நிலையத்தில் நடந்தது, அத்தனை பேருக்கு முன்னால். மன்னிப்பு மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது? இதை உம்மிடம் நேரே கேட்டேன். உம்முடைய கோப்பாய் வீட்டுப் படலையில் நின்றுதான் கேட்டேன், உள்ளே வரவில்லை. "கை அவரின்ரை. கோவம் மட்டும் உம்மடை" என்றீர். நல்ல வசனம். நான் அதை ஏற்கவில்லை, இன்றைக்கும் ஏற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிட்டு, நடந்தது என்ன என்பதை அநாதையாக நடுவீதியில் விட்டீர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

போன ஆவணியில் நீர் போய்விட்டீர். செத்தவீட்டுக்கு நான் வரவில்லை என்று உம்முடைய மனைவிக்குக் குறை. அவவுக்குச் சொல்லாததை உமக்குச் சொல்கிறேன். வந்தேன். நடேசண்ணைக்குப் பிறகு பஸ்ஸை நானே ஓட்டுகிறேன், பட்டதாரி றைவர் என்று பகிடி பண்ணுகிறார்கள். அன்றும் என்னுடைய ஓட்டம்தான். கோப்பாயில் உம்மைக் கொண்டுபோனபோது உமக்குப் பின்னால் நின்ற முதல் பஸ் என்னுடையது. செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். உம்மைச் சுடலைப் பக்கம் திருப்பும்வரை வந்தேன். நிலையத்தில் என்னுடைய முறை எனக்காக இருந்தது. நீர் செய்து வைத்த உடன்பாட்டால் இருந்தது என்று சொல்வீர். நான் நின்றது உடன்பாட்டுக்காக அல்ல. அதற்கு முதலும் நின்றவன்தான் நான்.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஊர்வலத்துக்குப் பின்னால் முதலில் என்னுடைய பஸ். அடுத்து, எங்கள் வீதிக்குப் புதிதாக வந்த ஒரு பொடியனுடைய பஸ். அதற்கும் பின்னால் குகன். பொடியன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். பிறகு கண்ணாடியில் பார்த்தேன், முகப்பை ஒழுங்கைப் பக்கம் திருப்புகிறான். அதே ஒழுங்கை. நான் இறங்கி ஓடிப்போய் ஒழுங்கை வாயில் நின்றேன்.

"தம்பி, நேராக்கு. சவம் திரும்பும்வரைக்கும் இஞ்சைதான்."

அவன் தலையை வெளியே நீட்டினான். "ஏன் அண்ணை, ஒழுங்கைக்கும் நீங்களே காணி உறுதி வைச்சிருக்கிறியள்?"

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எனக்குப் பழக்கம். நான் அசையவில்லை. அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "பகிடி இல்லை அண்ணை. ஒரு பிள்ளைக்குத் தொய்வு, மூச்சு இழுக்குது. வெடிப் புகையோடை கூடிப்போச்சு. ஏறிப் பாருங்கோ."

ஏறிப் பார்த்தேன். தாயின் மடியில் ஒரு பெண்பிள்ளை. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது. சொண்டு நீலம் பாய்ந்திருந்தது. தாய் பிள்ளையின் முதுகைத் தடவியபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் திரும்பியபோது மிதிபலகைக்குக் கீழே குகன் நின்றான். பின்னாலிருந்து நடந்து வந்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இறங்கினேன். ஒழுங்கை வாயை விட்டு விலகி நின்றேன்.

"போ. ஆனால் கோப்பாய்ச் சந்தியிலை ஒருத்தரையும் ஏத்தாதை. கை காட்டினாலும் நிப்பாட்டாதை. நேரை ஆஸ்பத்திரி. உன்ரை முறைக்கு நான் பொறுப்பு."

"ஏத்தமாட்டன் அண்ணை."

பஸ் வேலிக் கதியால்களை உரசிக்கொண்டு போனது. புழுதி அடங்கும்வரை நானும் குகனும் அங்கேயே நின்றோம். ஊர்வலத்தின் வெடிச்சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது. அவன் புழுதியைப் பார்த்தபடி சொன்னான்.

"'போ, ஆனால் ஏத்தாதை' எண்ட உதை அண்டைக்குச் சபையிலை நீங்கள் சொல்லியிருந்தா நான் ஓம் எண்டிருப்பன் அண்ணை. அந்த மனிசனும் உதுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தது."

அந்த மனிசன் என்று அவன் சொன்னது உம்மை. எனக்குச் சுள்ளென்றது. "நீ நடேசண்ணைக்கு பஸ் ஸ்ராண்டிலை வைச்சுப் பிழை எண்டு சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பன்" என்றேன். "அதுவும் சரிதான்" என்றான். பிறகு தன் பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தான்.

அதுவும் சரிதான். இதைத்தான் உம்முடைய சபையில் எவரிடமிருந்தாவது கேட்கவேண்டும் என்று அந்தச் சின்ன வாங்கில் முழங்கால் நோக நோக இருந்தேன். அது நீர் இல்லாத இடத்தில், ஒரு ஒழுங்கை வாயில், சாட்சிக்கு ஒரு ஆடுகூட இல்லாமல் கிடைத்தது. இதிலே உமக்குப் பங்கில்லை. இருக்கிறது என்று குகன் நினைக்கிறான், நினைக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக்குப் போனபோது பொடியன் எங்களுக்கு முன்பே வந்து, எங்கள் முறையை விட்டுவிட்டு ஓரமாக நின்றான். சந்தியில் நின்ற சனம் தன்னைத் தூசணத்தால் பேசினதாம், அப்படியும் நிறுத்தவில்லையாம். ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்துப் பிள்ளைக்கு மூச்சு வந்துவிட்டதாம். நான் கோப்பாய்ச் சந்தியில் ஏற்றிவந்த சனமும் அவனைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனது. குகன் வந்து, "ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலை உதையும் ஒரு விதியாச் சேத்துவிடுவம். நீங்கள் கொண்டுவாங்கோ, நான் ஆமோதிக்கிறன்" என்றான். பஸ் உரிமையாளர்களின் கூட்டத்தைச் சொன்னான். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதில் உள்ள சிக்கல் தெரிந்தது. அங்கே எழும்பி, வருத்தக்காரர் இருக்கும் பஸ் ஒழுங்கையால் போகலாம், ஆனால் வழியில் ஆள் ஏற்றக்கூடாது என்று விதி கேட்டால், ஏன் இப்படி ஒரு விதி என்று கேட்பார்கள். பொடியனை இழுத்துவிட எனக்கு விருப்பமில்லை, அவன் புதியவன், ஆளாளுக்கு நெரிப்பார்கள். பழைய கதையைத்தான் சொல்லவேண்டும். அதை நான் எங்கிருந்து தொடங்குவேன்? எந்தப் பக்கத்தால் சுற்றி வந்தாலும் ஒரே வசனத்தில்தான் போய் முட்டுகிறது: அண்டைக்குக் குகன்ரை பஸ்ஸிலை ஒரு வருத்தக்காரர் மயங்கிக் கிடந்தவர்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பாதி வசனத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் முறை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்வேன். நடேசண்ணையையும் கூட்டிக்கொண்டு போவேன், முன் வரிசையில் இருத்துவேன். அவனுடைய பக்கத்தைச் சொல்லி முடித்த கையோடு கோப்பாய்ச் சந்திக் கேள்வியையும் கேட்பேன், அவன் அத்தனை பேருக்கு முன்னால் பதில் சொல்லட்டும். நடுவில் கையை உயர்த்த நீர் இருக்கமாட்டீர். உம்முடைய பெயரை நான் அங்கே எடுக்கமாட்டேன். உமக்காகச் சொல்கிறேன் என்றும் எண்ணாதீர்.